மச்சாளின் ஆங்கிலம்

ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய ரைஸ் குக்கர் இருக்கிறது. மூடியின் பிடி எப்போதோ கழன்றுவிட்டதால் அம்மா அதில் ஒரு தடித்த ஆணியை முறுக்கி வைத்திருக்கிறார். சோறு வெந்து முடிந்ததும் அதன் பொத்தான் 'டக்' என்று மேலே எகிறும். சிவப்பு விளக்கு அணைந்து மஞ்சள் விளக்கு எரியும். ஒரு காலத்தில் அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் இருந்தது. குளியலறையிலிருந்தோ பால்கனியிலிருந்தோ ரயில் நிலைய அறிவிப்பாளர் போல ஒரு பெண்குரல் வரும்: "ஸ்டெடி ஸ்டேட் ஹாஸ் பீன் அட்டெயின்ட்!" இனி மாற்றம் எதுவும் இல்லை, எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்பதை ஓர் ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சொல்வார்களோ அப்படி. அம்மாவும் விடமாட்டார். "ஓமோம், அட்டெயின் பண்ணினது காணும், வந்து சோத்துக் கோப்பையைக் கழுவு" என்பார்.

அந்தக் குரல் மச்சாளுடையது. அம்மாவின் அண்ணனின் மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்து, நீர்நிலைகளைப் பற்றி முதுகலை படிக்க ஒஸ்லோவுக்கு வந்து, என் அறையில் இரண்டாவது கட்டிலைப் போட்டுக்கொண்டு எங்களோடு இருந்தாள். நான் இங்கே பிறந்தவள், கணினியியல் படித்துக்கொண்டிருந்தவள், எதைக் கண்டாலும் உடனே விளங்கப்படுத்தத் தொடங்குகிறவள். ஊரிலிருந்து ஒரு கூச்சக்காரப் பெண் வருவாள், அவளுக்கு இந்த நகரத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு பெரிய திட்டத்தோடு விமான நிலையத்துக்குப் போனேன். வந்தவள் வீட்டுக்குள் நுழைந்து, குளிர்காலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறை யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "கொண்டென்சேஷன். மாமி, உங்கடை வென்டிலேஷன் இன்அடெகுவேட்." அம்மா என்னைப் பார்த்தார். "இவள் வீட்டைப் பழிக்கிறாளோ, பாராட்டுறாளோ?" காற்றோட்டம் போதாது என்கிறாள் அம்மா என்றேன். "அதைத்தானே நான் பத்து வருசமாய் வீட்டுச் சங்கத்துக்குச் சொல்லுறன். இந்த இங்கிலீசிலை சொல்லியிருந்தால் கேட்டிருப்பாங்களோ!" என்று அம்மா சிரித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

அவளுடைய ஆங்கிலம் வந்த வழியை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரைக்கும் விஞ்ஞானம் முழுவதையும் தமிழில் படித்தவள். அடர்த்தி, செறிவு, உவர்த்தன்மை, சமநிலை எல்லாம் அவளுக்குச் சொந்த வீட்டுச் சாமான்கள் மாதிரி. பல்கலைக்கழகத்தில் முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்கியதும், தெரிந்த வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டது போல ஆகிவிட்டதாம். மேசை எங்கே என்று தெரியும், கை வைத்தால் அகப்படாது. "எனக்கு விஞ்ஞானம் தெரியும், வாய்தான் இல்லை. அப்ப வாயை நானே செய்தன்" என்பாள். செய்த விதம் அவளுக்கே உரியது. சொல்லைத் தாளில் எழுதி மனனம் செய்தால் பரீட்சை மண்டபத்தோடு போய்விடும், ஆனால் ஒரு சொல்லைச் சோற்றோடும் கறியோடும் சேர்த்து வாயில் போட்டால் உடம்பில் ஒட்டும் என்பது அவளுடைய கொள்கை. அதனால் சமைக்கும்போது நடப்பதையெல்லாம் ஆய்வறிக்கை மொழியில் உரத்துச் சொல்லிப் பழகினாள். மாமாவின் வீட்டில் தொடங்கிய பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

வெங்காயம் வதங்கும், இவள் அதன் நிறமாற்றத்தை அறிவிப்பாள். பருப்பு பொங்கி வழியும், "ஓவர்ஃப்ளோ வாஸ் அன்டிசிப்பேட்டட்" என்பாள், எதிர்பார்த்ததுதான் என்று. அம்மாவின் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் நீர் வழிய, "மாமி, உறைப்பு நெக்லிஜிபிள் எண்டு சொல்லேலாது" என்பாள். புறக்கணிக்கத்தக்க அளவு இல்லையாம். "உந்த இங்கிலீசைக் கேட்டால் மீனே திரும்ப நீந்திப் போடும்" என்பார் அம்மா. ஒரு மாதத்தில் அம்மாவும் தொற்றிக்கொண்டார். பாலர் பாடசாலையில் பகல் முழுக்க நோர்வேஜிய மொழியில் பிள்ளைகளுக்குக் காலணி மாட்டிவிட்டு வருகிறவர், வாசலில் பையை வைத்துக்கொண்டே, "இண்டைக்கு மாமியின்ரை பொறுமை நெக்லிஜிபிள், ஆரும் கிட்ட வராதேங்கோ" என்று அறிவித்தார்.

இதெல்லாம் பெரிய சொல்லைக் காட்டிப் பவிசு கொண்டாடுவது என்று நானும் முதலில் நினைத்தேன். எங்கள் ஆட்களிடம் அந்த நோய் உண்டு. கலியாண வீட்டில் ஒருவர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினால் போதும், அவர் சொன்னது விளங்காததே அவருக்கு மதிப்பாகிவிடும். மச்சாளிடம் இருந்தது வேறு. அதை நான் ஒரு மாசி மாதத்துப் பகலில், உறைந்த குளத்தின் நடுவில் நின்று அறிந்துகொண்டேன்.

அவளுடைய ஆய்வு வீதி உப்பைப் பற்றியது. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க வீதிகளில் உப்புப் போடுவார்கள். பனி உருகும்போது அந்த உப்பு பக்கத்துக் குளங்களில் இறங்கும். உப்புநீர் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இளவேனிலில் மேல்நீரும் கீழ்நீரும் கலந்து குளம் மூச்சு விடவேண்டும், அது நடக்காமல் போகும். குளத்தின் அடி மெல்ல மூச்சடைத்துச் சாகும். அப்படி நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்று அவள் ஒரு சிறிய குளத்தில் அளந்துகொண்டிருந்தாள். ஒரு பனிக்காலமும் அதற்கடுத்த பனிக்காலமும் கயிறு பிடித்தது நான். பனிக்கட்டியில் துளையிட்டு, இரண்டு பக்கமும் திறந்த போத்தலைக் கயிற்றில் இறக்கி, பிறகு ஒரு பித்தளைக் குண்டைக் கயிறு வழியே நழுவவிட வேண்டும். அது கீழே போய்த் தட்டியதும் போத்தல் மூடிக்கொள்ளும். அந்தத் தட்டல் கைக்குத் தெரியும். அன்று அடிநீரை மேலே எடுத்துத் திறந்ததும் கூழ்முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. நான் மூக்கைப் பொத்தினேன். மச்சாள் துள்ளினாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் போத்தலைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டாள்.

"அப்ப சரி, உப்புத்தான் குளத்தைக் கொன்றுபோட்டுது" என்றேன் நான், குளிரில் உதறிக்கொண்டு.

"எடியே, கொன்றதை நீ பாத்தனியோ?"

"பாக்கத் தேவையில்லை மச்சாள், நாறுதே!"

"நாத்தம் ஒரு சாட்சி. தீர்ப்பு இல்லை. 'சஜெஸ்ட்' எண்டு ஒரு சொல் இருக்கு, அப்பிடி நினைக்க இடமிருக்கு எண்டு அர்த்தம். அதுக்கு மேலை 'இன்டிகேட்'. அதுக்கும் மேலை 'டெமன்ஸ்ட்ரேட்'. ஒரு படி ஏறவேணுமெண்டால் ஒரு வருசம் கயிறு பிடிக்கவேணும். 'ப்ரூவ்' எண்ட சொல்லை நான் எழுதவேமாட்டன். அது கடவுளுக்கும் கணக்கு வாத்தியாருக்கும்தான்."

இதை அவள் சொன்னபோது அவள் மூக்கு சிவந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கோ உள்ளே ஏதோ திறந்தது. எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை மயிரிழையில் வைத்துச் சொல்வதற்காக மனிதர்கள் இத்தனை சொற்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் அந்தச் சொற்களையெல்லாம் ஒரே பொருள் கொண்டவை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பரீட்சை எழுதியவள். இவளுக்கு ஒவ்வொன்றும் தராசில் வைக்கும் ஒரு நிறைப்படி. ஒன்றை எடுக்கவேண்டிய இடத்தில் மற்றதை எடுத்தால் பொய் சொன்னது போல. ஒரு சனிக்கிழமை முழுவதும் அவள் ஒரேயொரு வினைச்சொல்லுக்காகக் கத்தரிக்காய் வெட்டினாள். உப்பு அந்தக் குளத்தின் நிலையை உருவாக்கியதா, முன்பே இருந்ததை மோசமாக்கியதா? மோசமாக்கியது என்றால் 'எக்ஸாசர்பேட்'. அதை வாயில் போட்டு, முழு வசனத்தையும் முன்னும் பின்னும் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மேசையில் இருந்த மடிக்கணினியில் அந்தப் பந்தியை ஒரே மூச்சில் தட்டினாள். திருத்தமே இல்லை. திருத்தமெல்லாம் கத்தரிக்காயோடு முடிந்துவிட்டிருந்தது. இப்படித்தான் ஆய்வேடு முழுவதும் எழுதப்பட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே அவள் அப்படிப் பேசவில்லை. வந்த முதல் வாரத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறிமுக நாள் வைத்தார்கள். இங்கே யாரையும் பட்டம் சொல்லி அழைக்கவேண்டாம், முதற்பெயர் போதும், மின்னஞ்சலை இரண்டு வரியில் முடியுங்கள், பணிவுச் சொற்கள் தேவையில்லை, எளிமையாகப் பேசுங்கள் என்று படம் போட்டுக் காட்டினார்களாம். மச்சாள் நல்ல மாணவி. சொன்னதைச் செய்தாள். ஆய்வின் மேற்பார்வையாளரான பேராசிரியைக்கு அவள் அனுப்பிய மின்னஞ்சல்கள், வணக்கம், நாளைக்குக் குளத்துக்குப் போகிறேன், படகு வேண்டாம், பனிக்கட்டி தடிப்பு, நன்றி என்ற அளவில் இருக்கும். நேரில் சந்திக்கும்போதும் அப்படியே. "இஞ்சை ஆக்கள் தெரிஞ்சதையும் தாழ்த்தித்தான் கதைக்கினம், மாமி. நான் என்ரை வாயைத் திறந்தால் பகட்டுக்காரி எண்டு நினைப்பினம்" என்றாள். அப்படி அவள் செய்த வாய்க்கு இரண்டே இடங்கள்தான் இருந்தன. ஒன்று எங்கள் சமையலறை, மற்றது ஆய்வேடு.

அந்த ஆண்டுகளில்தான் கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எல்லோர் கைக்கும் வந்திருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஊர்வலம் நடத்தியவள் நான். அது எப்படி அடுத்த சொல்லை ஊகிக்கிறது என்று சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா அதனிடம் பிட்டு அவிப்பது எப்படி என்று கேட்டார். ஈஸ்ட் போடச் சொன்னது. "உது யாழ்ப்பாணம் போகாத சாமான்" என்று அம்மா அத்தோடு கைவிட்டார். மச்சாள் ஒருமுறை பார்த்தாள், பிறகு தொடவில்லை. "அது எனக்கு முன்னாலை வசனத்தை முடிச்சுப் போடும். பிறகு நான் என்னத்தை நினைச்சனான் எண்டு எனக்கே தெரியாமல் போகும்" என்றாள். என் வகுப்பில் பாதிப்பேர் அதனிடம் எழுதுவித்தார்கள். அவர்களில் ஒருவன் எழுதுவித்ததோடு நிற்காமல், இதைக் களைத்துப்போன மாணவன் எழுதியது போல மாற்று என்றும் கேட்டான். தெளிவான எளிய நடை என்று அவனுக்குப் பாராட்டு வந்தது.

மச்சாளின் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர் அதைத் திருப்பி அனுப்பினார். அளவீடுகளில் அவருக்குக் குறை இல்லை. மொழியில் சந்தேகம். இயந்திரம் விரும்பிப் பயன்படுத்தும் சொற்கள் நிறைய இருக்கின்றன என்று எழுதியிருந்தார். அவற்றுக்குக் கீழே கோடும் போட்டிருந்தார். 'எக்ஸாசர்பேட்' கீழேயும் ஒரு கோடு இருந்தது. கத்தரிக்காய்ச் சனிக்கிழமைக்குக் கோடு. நோர்வேஜிய மொழியில் பரீட்சைக் களவுக்கு 'ஃபுஸ்க்' என்று ஒரு சிறிய சொல் உண்டு. நெருப்பில் தண்ணீர் பட்டது போன்ற ஒலி. அந்தச் சொல்லோடு விசாரணைக்கு அழைப்பு வந்தது. குற்றம் உறுதியானால் ஆய்வேடு செல்லாது, இரண்டு தவணைகளுக்குப் படிப்பிலிருந்து நீக்கம். அவளுடைய வதிவிட அனுமதி படிப்போடு கட்டப்பட்டது. படிப்பு அறுந்தால் நாடும் அறுந்தது. இரண்டு பனிக்காலம் பனிக்கட்டியில் நின்றது, மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பட்டம், எல்லாம் அந்த ஓர் அறையில் முடிவாகும்.

துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். நான் போனேன். துணையாள் பேசக்கூடாது என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். வெளிச்சமான அறை, கோப்பி, ஒரு தட்டில் பிஸ்கட். விசாரிக்க மூன்று பேர் இருந்தார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. தலைவர் மிக இனிமையாகச் சிரித்து, முதற்பெயரால் அழைத்து, பதற்றப்பட வேண்டாம் என்றார். பிறகு திரையில் இரண்டு எழுத்துப் பகுதிகளை அருகருகே காட்டினார். இடப்பக்கம் அவளுடைய இரண்டு வரி மின்னஞ்சல். வலப்பக்கம் ஆய்வேட்டிலிருந்து ஒரு பந்தி. இரண்டையும் ஒருவரே எழுதியிருக்க முடியுமா என்று கேட்டார். எளிமையாக எழுதச் சொல்லிக் கொடுத்த அதே இடம், எளிமையாக எழுதியதைக் கொண்டுவந்து சாட்சிக்கு நிறுத்தியது. மேற்பார்வையாளரையும் அழைத்திருந்தார்கள். நல்ல மனுசிதான். இவள் உழைப்பாளி என்று சொன்னார். சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் இவள் இப்படிப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை என்றார்.

அடுத்து கோப்பின் வரலாற்றைக் காட்டினார்கள். எழுதிய கோப்பு எந்த நேரத்தில் எப்படி வளர்ந்தது என்பதைக் கணினி வைத்திருக்கும். மற்ற மாணவர்களின் கோப்புகளில் ஒரு வசனம் பிறந்து, வெட்டப்பட்டு, நொண்டி நொண்டி வளரும். இவளுடையதில் மணிக்கணக்காக எதுவுமே இல்லை, பிறகு திடீரென்று ஒரு முழுப் பந்தி குறையில்லாமல் வந்து நிற்கிறது. வேறெங்கோ செய்து கொண்டுவந்து இறக்கியது போல இருக்கிறது, அல்லவா என்றார் தலைவர். உண்மைதான், வேறெங்கோதான் செய்தது. அடுப்படியில். மச்சாள் அதைச் சொன்னாள். நான் சமைக்கும்போது வாயால் எழுதுவேன், முடிந்த பிறகுதான் தட்டுவேன் என்றாள். மூவரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். குழந்தை ஒன்று தன் பொம்மை பேசும் என்று சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவது போல.

கடைசியில், இந்தப் பந்தியை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள் என்றார்கள். அவள் நிமிர்ந்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வெளியே தன் வாயைத் திறந்தாள். குளத்து நீர் அடுக்குகளாகப் பிரியும் படையாக்கத்தை, உப்பின் பங்கை, எவ்வளவு உறுதி, எங்கே உறுதியில்லை என்பதை அந்தச் சொற்களாலேயே, ஒரு படியும் பிசகாமல் சொன்னாள். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. தலைவர் மெல்ல இடைமறித்தார். இது மனப்பாடம் போல இருக்கிறது, எழுத்தில் உள்ளதையே சொல்கிறீர்கள், உங்கள் சொற்களில் வேண்டும் என்றார். பிறகு அந்த அறிமுக நாள் ஆங்கிலத்துக்கு இறங்கினாள். உப்புத் தண்ணீர் பாரம், கீழே போகும், மேலே வராது, காற்று இல்லை. மூவரின் முகமும் மலர்ந்தது. ஆம், இதுதான் நீங்கள் பேசும் விதம் என்றார் ஒருவர், அன்பாக. எழுதியும் கொண்டார்.

திரும்பும்போது டி-பானா என்னும் நகர ரயிலில் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். குரோருட் வருவதற்கு முன்னால் ஒரேயொரு வசனம் சொன்னாள். "என்ரை எந்த வாயாலை கதைச்சாலும் மற்ற வாய் களவாம், எடி."

முடிவு வர இரண்டு வாரம் எடுத்தது. குற்றம் உறுதி என்று வந்தது. எங்கள் மாடிக்குக் கீழே கோயம்புத்தூர் அக்கா ஒருவர் இருக்கிறார், மென்பொருள் வேலை. அம்மா கலங்கிப் போயிருப்பதைக் கண்டு மேலே வந்தார். ஆய்வேட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். "சூப்பரா எழுதியிருக்கீங்க. ஆனா இவ்ளோ ஹெவியா எழுதினா இங்க யாருங்க நம்புவாங்க? எங்க ஆபீஸ்ல நான் கூட எல்லாத்தையும் மெஷின்ல போட்டு சிம்பிள் பண்ணித்தான் அனுப்புறேன். நீங்களும் அப்படிப் போட்டு மாத்தியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். மச்சாள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அப்ப அக்கா, களவெடுத்திருந்தால் தப்பியிருப்பன்" என்றாள். அக்கா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தார். அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை, அது அப்படியே உண்மை.

இந்த இயந்திரத்தை நான் படித்தவள், அதனால் இன்னும் ஆத்திரம். அது எங்கிருந்து அந்தச் சொற்களைக் கற்றது? ஆராய்ச்சிக் கட்டுரைகளிலிருந்து, பாடநூல்களிலிருந்து. இவள் எங்கிருந்து கற்றாள்? அதே மாதிரிப் புத்தகங்களிலிருந்து, மின்வெட்டு நேரத்தில் விசிறிக்கொண்டு. ஒரே கிணற்றில் இருவர் அள்ளினார்கள், முதலில் அள்ளியவள் இவள். பிந்தி வந்தது வேகமாக அள்ளியது என்பதற்காக, இவளுடைய குடத்தில் இருப்பது அதனுடைய தண்ணீர் என்று முடிவு செய்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர் யாரும் அந்த விசாரணை அறையில் இல்லை. எல்லோருக்கும் அது படித்த மொழிதான். ஆனால் இங்கே அதைத் தொலைக்காட்சியிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் காற்றைப் போல எடுத்தவர்கள், புத்தகத்திலிருந்து கல் கல்லாக எடுத்தவளின் மொழியை மனிதமொழி அல்ல என்றார்கள். இப்படி இரவு பகலாக வாதாடி மேன்முறையீடு எழுதியது நான். எழுதத் தொடங்கும்போது மச்சாள் சொன்னது இது: "சின்னச் சொல்லாப் போடு. இல்லாட்டி அதையும் மிசின் எழுதினது எண்டுவினம்."

மேன்முறையீடும் தோற்றது. அந்தத் தீர்ப்பை அவள் அடுப்படியில் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மாணவி அனுமதியில்லாத உதவியைப் பயன்படுத்தியுள்ளார் என்று இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள்.

"இஞ்சை பார். ஒரு 'சஜெஸ்ட்' கூடப் போடேல்லை."

"மச்சாள்..."

"இவை பாத்தவையோ? ஒரு குளத்துக்குச் சொல்ல நான் ரெண்டு பனிக்காலம் நிண்டன். ஒரு ஆளுக்குச் சொல்ல ஒரு பின்னேரம் காணுமாம்."

அவள் அழவில்லை. அழுதது அம்மா. அதற்குப் பிறகு கோயிலில் ஒரு தெரிந்த மனுசி பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம், "மருமகள் கொம்பியூட்டரிட்டை எழுதுவிச்சுப் பிடிபட்டிட்டாளாமே?" என்று கேட்டார். "இல்லை, அவள் தானே எழுதிப் பிடிபட்டவள்" என்றார் அம்மா. அந்த மனுசிக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கும் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு மச்சாள் ஒரு களவுக்காரி, மீதிப்பேருக்குப் பாவம்.

அவள் ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முதல்நாள் மத்தியானம் அம்மா அவளுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தார். மூவரும் சமையலறையில் இருந்தோம். குக்கர் 'டக்' என்றது. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் அவளை நிமிர்ந்து பார்த்தோம், பிறகு அப்படிப் பார்த்ததற்காக இருவரும் வேறெங்கோ பார்த்தோம். அவள் எழுந்து போய்க் கோப்பைகளை எடுத்து வைத்தாள். குழம்பு உறைப்பா என்று அம்மா கேட்டார். "நல்லாயிருக்கு, மாமி" என்றாள்.

இப்போது அவள் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அனுப்பவேண்டும். பதிலை இயந்திரம் எழுதும், இவள் சரி என்று அழுத்தவேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பதிலைத் தானே எழுதியிருக்கிறாள். நேரம் போகிறது, சொந்தமாக எழுதவேண்டாம் என்று மேலாளர் கண்டித்தாராம். இதை என்னிடம் ஒரு பகிடி போலச் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இருக்கவில்லை. ஆய்வேட்டை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. குளம் அங்கேதான் இருக்கிறது. வீதிக்கு இந்த ஆண்டும் உப்புப் போட்டார்கள். கயிறும் பித்தளைக் குண்டும் எங்கள் நிலவறைச் சேமிப்பறையில் ஒரு வாளிக்குள் கிடக்கின்றன, பல்கலைக்கழகம் அவற்றைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு காணொளியில் கதைத்தேன். தொலைபேசியைச் சமையலறை மேசையில் சாத்தி வைத்திருந்தேன். என் புதிய வேலையைப் பற்றி வழக்கம்போல மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் மாமாவின் வீட்டு மின்விசிறி சுற்றியது. என் முதுகுக்குப் பின்னால் குக்கர் 'டக்' என்றது. நான் சட்டென்று பேச்சை நிறுத்தினேன். வேண்டுமென்றே நிறுத்தினேன், திரையைப் பார்த்துக் காத்திருந்தேன். அவளுக்கும் அது கேட்டிருந்தது. கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போனது, உதடு அசைந்தது.

"சோறு அவிஞ்சிட்டுது போல" என்றாள். "போய்ச் சாப்பிடு."